புதுக் கணினியில் பழைய விண்டோஸ் போடலாமா?



"புது லேப்டாப் ஒரே ஸ்லோடி. இதுல இருக்கிற விண்டோஸ் 11-ஐத் தூக்கிட்டு 10 போட்டா ஜிவ்வுன்னு ஓடுமாமே?" இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி பென் டிரைவோடு தயாராகவே இருந்தாள்! அதனால்தான் இந்தக் கட்டுரை.

பழையதைப் போடுவது பெரிய வித்தை இல்லை. போட்ட பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இதே கேள்வி முன்பும் ஒருமுறை ஊரெல்லாம் எழுந்தது. அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

எக்ஸ்பியா, விஸ்டாவா?

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25-ல் வெளிவந்தது. 64 எம்பி நினைவகம் இருந்தாலே அதை நிறுவலாம். அடுத்து வந்த விஸ்டா, 2007 ஜனவரி 30-ல் கடைக்கு வந்தது. அதற்குக் குறைந்தது 512 எம்பி வேண்டும். எட்டு மடங்கு! சரியாக 512 எம்பி மட்டும் வைத்து விற்ற புதுக் கணினிகள் திணறின. பழைய பிரிண்டர், ஸ்கேனர் பலவற்றுக்கு விஸ்டாவில் வேலையே இல்லை. "எங்களுக்கு எக்ஸ்பியே போதும்பா" என்று மக்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எங்கள் சித்தப்பா அப்போது ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தார். புது லேப்டாப்பில் எக்ஸ்பி சிடியைப் போட்டால், பாதியிலேயே "ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை" என்று செய்தி வருமாம்.

"டிஸ்க் உள்ளேதானே இருக்கும் சித்தப்பா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. ஆனா அதைப் பார்க்க எக்ஸ்பிக்குக் கண்ணு இல்லையே!" என்றார்.

டிரைவர் என்பவர் யார்?

அந்தக் கண்ணுக்குப் பெயர்தான் டிரைவர். வண்டி ஓட்டுகிறவர் இல்லைங்க! இது ஒரு சிறிய மென்பொருள். இயக்க அமைப்புக்கும் வன்பொருளுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். ஒலிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும்.

புது ஹார்ட் டிஸ்க்குகள் ஏஎச்சிஐ என்ற முறையில் பேசின. எக்ஸ்பி சிடியில் அந்த மொழிக்கு டிரைவர் கிடையாது. நிறுவத் தொடங்கும்போதே எஃப்6 விசையை அழுத்தி, டிரைவரை ஃப்ளாப்பியில் கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த லேப்டாப்புகளில் ஃப்ளாப்பி போட இடமே இல்லை! ஆகவே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ என்பதைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுவார்கள். அந்த வசதி இல்லாவிட்டால், டிரைவரையும் சேர்த்துப் புதிதாக ஒரு சிடி எழுத வேண்டும்.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகளில், விண்டோஸ் நிறுவும்போது இன்றும் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. அதற்கான டிரைவரைப் பென் டிரைவில் கொடுத்தால்தான் தெரியும்.

காவல் இல்லாத வீடு

எந்த இயக்க அமைப்பிலும் ஓட்டைகள் இருக்கும். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, தயாரித்தவர்கள் திருத்தம் அனுப்பி அடைப்பார்கள். ஒரு தேதிக்குப் பிறகு அடைப்பதை நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிக்கு அந்தத் தேதி 2014 ஏப்ரல் 8.

2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவி, கணினிகளில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நிலைமை எவ்வளவு மோசம் என்றால், கைவிட்டு மூன்று வருடம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அது விதிவிலக்கு. ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

விண்டோஸ் 10-க்கான அந்தத் தேதி 2025 அக்டோபர் 14. தனித்திட்டத்தில் பதிந்த கணினிகளைத் தவிர மற்றவற்றுக்கு, வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றுவிட்டன. அப்பா பணம் அனுப்புவதும், நாம் தேர்வு விண்ணப்பம் போடுவதும் இதே கணினியில்தானே? வேகம் வேண்டும் என்பதற்காகக் கதவைக் கழற்றி வைக்கலாமா?

அப்போ ஸ்லோவுக்கு என்னதான் வழி?

முதலில், கணினியைப் போட்டதும் தானாகத் திறக்கும் மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரில் நிறுத்துங்கள். கடையிலிருந்தே கூட வந்த, நமக்குத் தேவையில்லாத மென்பொருள்களை நீக்குங்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் என்பது குறைந்தபட்ச அளவு. அதை 8 ஆக்க முடிந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

"எனக்கு டர்போ சி++ ஓடலையே" என்பவர்களுக்கு ஒரு தகவல். அது 16 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, அது 10 ஆனாலும் சரி, 11 ஆனாலும் சரி. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் வைத்து ஓட்டலாம். இதற்காக விண்டோஸையே அழிப்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை!

அப்படியும் மாற்றித்தான் ஆகணும் என்றால்:

1. படங்கள், பிராஜெக்ட், பாடக்குறிப்பு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

2. இப்போது இருக்கும் விண்டோஸுக்கே திரும்பி வர, ஒரு மீட்புப் பென் டிரைவ் தயாரித்து வையுங்கள்.

3. உங்கள் மாடலுக்கு, அந்தப் பழைய விண்டோஸுக்கான டிரைவர்கள் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். வைஃபை டிரைவரை முதலிலேயே இறக்கிவிடுங்கள். அது இல்லாமல் இணையம் வராது. இணையம் இல்லாமல் அதை இறக்கவும் முடியாது!

4. உரிமம் உண்டா என்று பாருங்கள். விஸ்டாவில்கூட பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளோடு வந்த கணினிகளுக்குத்தான் எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு இறங்கும் உரிமை இருந்தது. ஹோம் பதிப்புகளுக்கு இல்லை.

5. அந்தப் பழைய விண்டோஸுக்குத் திருத்தங்கள் நிற்கும் தேதி எது என்று பாருங்கள்.

இந்த ஐந்தில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும், பென் டிரைவைப் பைக்குள்ளேயே வையுங்கள். ஐந்துக்கும் "ஆமாம்" என்றால், தாராளமாகப் போடுங்கள்!

– 11-ஆம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு