பகற்பார்வையும் சுண்ணச் சத்தும்

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது கால்சியம் என்னும் சுண்ணச் சத்து என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பகற்பார்வைக்கும் அச்சத்தே துணை நிற்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

மனிதரின் விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்களுள் மங்கிய ஒளிக்கு உரியவை கோல்கள். பகலொளிக்கும் நிறவுணர்வுக்கும் உரியவை கூம்புகள். கூம்புகளின் தொகை ஏறத்தாழ 60 இலட்சம். நண்பகல் வெயிலில் கோல்கள் திகைத்து நிற்க, கூம்புகள் தளராது பணியாற்றுகின்றன. இஃது எவ்வாறு இயல்கிறது?

இருளில் கூம்பின் மேலுறையிலுள்ள நுண்வாயில்கள் பல திறந்திருக்கும். அவற்றைத் திறந்து வைப்பது 'சுழல் ஜி.எம்.பி.' என்னும் பொருளாகும். அவ்வாயில்களின் வழியே சோடியமும் கால்சியமும் உட்புகும். ஒளி பட்டதும் அப்பொருள் சிதைய, வாயில்கள் மூடுகின்றன. அதனால் எழும் மின்மாற்றமே பார்வையின் தொடக்கம். ஆனால், ஒரு முறை அடித்த மணி ஓய்ந்தாலன்றோ மறுமுறை அடிப்பது தெரியும்? வாயில்கள் மூடியே கிடப்பின், அடுத்த ஒளி மாற்றத்தைக் கூம்பு உணராது.

இங்கேதான் கால்சியம் உதவுகிறது. வாயில்கள் மூடியதும் அதன் வரவு நின்றுவிடும், செலவோ நிற்பதில்லை. மேலுறையிலுள்ள ஒரு புரதம் நான்கு சோடிய அயனிகளை உள்ளே விட்டு, ஒரு கால்சிய அயனியையும் ஒரு பொட்டாசிய அயனியையும் வெளியே தள்ளிக்கொண்டேயிருக்கும். வரவின்றிச் செலவு மட்டும் நடக்கும் வீட்டில் கையிருப்பு கரைவதுபோல, கால்சியம் குறைகிறது. அக்குறைவே 'ஜிகேப்' என்னும் புரதத்தின் வாயிலாக, சுழல் ஜி.எம்.பி.யை ஆக்கும் நொதியைத் தூண்டுகிறது. வாயில்கள் மீண்டும் திறக்கின்றன. கோல்களைவிடக் கூம்புகளில் கால்சியம் விரைந்து குறைவதால், அவை விரைந்து மீள்கின்றன.

ஒளி பட்டால் கால்சியம் கூடும் என்றே 1970களில் அறிஞர் பலர் எண்ணினர். அது குறைகிறது என்பதை யாவ், நகதானி ஆகிய இருவர் 1985இல் கோல்களில் காட்டினர். அக்குறைவைத் தடுத்தால், ஒளிக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் பெரிதும் குன்றுகிறது என்பது 1988இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இவ்வொழுங்கு பிறழ்ந்தால் கேடு பெரிது. பரம்பரையாக வரும் கூம்புச் சிதைவு நோயில் ஒரு வகை, ஜிகேப் புரதத்தின் மரபணுப் பிழையால் உண்டாவது என 1998இல் கண்டறியப்பட்டது. கால்சியம் மிக்கிருக்கும்போதும் அப்புரதம் ஓயாது தூண்டுவதால் வாயில்கள் அளவுமீறித் திறக்கும். கால்சியம் மேலும் பெருகும். கூம்புகள் நலிந்து மடியும். பகற்பார்வையும் நிறவுணர்வும் மங்கும்.

ஆதலின், சுண்ணச் சத்தை மிகுதியாக உண்டால் பார்வை கூர்மையாகும் என மாணவர் கருதிவிடலாகாது. கூம்புக்கு வேண்டுவது அச்சத்தின் பெருக்கமன்று. ஒளிக்கேற்பக் குறைந்து கூடும் அளவே.