தாருக்கு அடியில் துரு

காரியாபட்டி வானம் பார்த்த பூமி. இங்கே ஓடிய காருக்குத் துரு எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றும். பழைய அம்பாசடரின் கால்மிதியைத் தூக்கினால் விடை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையே போதும். கதவு ரப்பர் வழியே இறங்கிய தண்ணீரை விரிப்பு பிடித்துக்கொள்கிறது. வண்டிக்கு அடியில் அப்பிய கரிசல் சேறு லேசில் காய்வதில்லை. மிச்ச மாதங்களின் வெயிலில், தகடுகள் சேரும் மூட்டில் பூசிய தார் சீலர் பசை வற்றி வெடிக்கிறது. தண்ணீரைத் தடுக்கப் பூசியதே பிறகு அதைத் தேக்கி வைக்கிறது.

அம்பாசடரில் இதை அலட்சியம் செய்ய முடியாது. மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி 1957 முதல் 2014 வரை தயாரான அந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. தளத்தகடும் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம், அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு.

வெடித்த சீலரை எடுக்க, கிரைண்டரில் வயர் பிரஷை மாட்டி ஒரே மூச்சில் முடிக்கத்தான் கை துறுதுறுக்கும். சூட்டில் தார் இளகித் தகடெங்கும் இழுபடும், நல்ல தகரமும் தேயும். ஹீட் கன்னைத் தணிவான சூட்டில் வைத்து, ஒரு சாண் நீளமாக இளக்கி, தட்டைச் சுரண்டியால் உரித்தால் பட்டையாக வரும். சூடு மிஞ்சினால் அதுவும் குழம்பிவிடும். பிசுக்கை, தகடு ஆறிய பிறகே தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அடியில் பெட்ரோல் குழாய் ஓடும் வண்டிக்குத் தீச்சுடர் ஆகவே ஆகாது. பழைய சீலர் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டு. காய்ந்த தூளைப் பறக்கவிடக் கூடாது, நல்ல முகமூடி வேண்டும்.

எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா? வெடிக்காமல், விளிம்பு கிளம்பாமல் இறுகப் பிடித்திருக்கும் சீலரை விட்டுவிடலாம் என்பேன். உரித்த மூட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்தால் தகரத்தின் யோக்கியதை தெரியும். உள்ளே போனால் வெட்டி ஒட்டுவதுதான் வழி. மேலே பட்டி பூசி மறைப்பது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. வெல்டிங் முடிந்ததும் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பாலியூரித்தேன் சீலர், பிறகு பெயின்ட்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு விதி வந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தப் பதிவு கிடையாது. அதனால் சுரண்டியை எடுக்கும் முன்பே ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்து வையுங்கள். தகட்டின் மடிப்பு பழையபடியே இருக்கிறது என்று அதிகாரியிடம் காட்ட உதவும்.