மின்மகிழுந்தின் குளிர்சாதனப் பழுது

திருவையாற்றில் ஐந்து ஆறுகள் இருந்தும் சித்திரை வெயிலின் கொடுமை குறைவதில்லை. அவ்வேளையில் மகிழுந்தின் குளிர்சாதனம் நின்றுவிட்டால், "கம்ப்ரசரை மாற்ற வேண்டும்" என்னும் சொல்லே முதலில் நம் காதில் விழுகின்றது. அது விலைமிக்க உறுப்பு. பழுதோ, சில வேளைகளில், விரலளவான அழுத்த உணரியில் இருக்கும்.

மின்மகிழுந்துகள் பலவற்றில் குளிர்வாயுவே மின்கலத்தின் வெப்பத்தையும் தணிக்கின்றது. ஆதலின் இப்பழுதால் விரைவு மின்னேற்றமும் மந்தமாகலாம். வாயுவின் அழுத்தம் மிகக் குறைந்தாலும் மிகுந்தாலும் கட்டுப்பாட்டுக் கருவி கம்ப்ரசரை நிறுத்திவிடும். உணரி பொய் உரைத்தாலும் அதுவே நிகழும்.

உண்மையை அறிவது எங்ஙனம்? வண்டியை இரவு முழுதும் நிறுத்தி வைத்தால், குழாயெங்கும் அழுத்தம் சமமாகி வெப்பநிலைக்கேற்ப நிற்கும். ஆர்-134ஏ வாயுவாயின் 30 பாகை செல்சியசில் அது ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ ஆகும். காலையில் அழுத்தமானி காட்டும் அளவையும் ஸ்கேனர் காட்டும் அளவையும் ஒப்பிடுவோம். இரண்டும் மிகக் குறைவாயின் வாயு கசிந்துள்ளது. இரண்டும் 97ஐ ஒட்டியிருப்பின் பழுதை வேறிடத்தில் தேட வேண்டும். மானி சரியாகவும் ஸ்கேனர் மாறாகவும் காட்டினால், குறை உணரியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. இணைப்பில் 5 வோல்ட் வருகின்றதா, துரு ஏறியுள்ளதா, எலி கடித்துள்ளதா எனப் பார்த்த பின்னரே உணரியை மாற்றுதல் தகும்.

ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிர்பறிக்கும் மின்னழுத்தம் உடையவை. பயிற்சி பெற்றோரன்றி எவரும் தொடலாகாது.

நோயின் முதலை ஆராய்ந்த பின்னரே மருந்து என்றார் வள்ளுவர். அந்நெறி எந்திரத்திற்கும் பொருந்துவதை நாம் உணர்ந்தால் பொருளும் மிஞ்சும், வாயுவும் வீணாகாது.