ஜப்பான் விளக்கும் நம்ம ஊர் கடுக்காயும்



துரு என்றதும் நம் கை தானாகவே கிரைண்டரைத் தேடும். முதலாமாண்டு ஒர்க் ஷாப்பில் ஃபைல் பிடித்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. அந்தப் பழக்கத்தால் நான் செய்த தப்பையும், அதில் கற்றுக்கொண்ட பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் மாமல்லபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு விடுதித் தோட்டத்திலிருந்து பழைய விளக்கு ஒன்று வந்தது. இரண்டடி உயரம். நுனி வளைந்த கூரை, நடுவில் ஜன்னல் வைத்த தீப அறை, கீழே கால்கள். ஜப்பானில் வார்த்த காஸ்ட் அயர்ன் விளக்காம். கறுப்பும் பழுப்புமாக இருந்தது. "தம்பி, பளபளன்னு ஆக்கிடு" என்றார் மேஸ்திரி. வயர் வீல் மாட்டி ஒரே மதியத்தில் வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டேன். மூன்றே நாளில் விளக்கு செங்கல் நிறம்! "என்னப்பா, இருந்ததையும் கெடுத்துட்டியே" என்றார் விடுதிக்காரர். எனக்குத் தூக்கமே போச்சு.

காரணம் என்ன? கிரே காஸ்ட் அயர்னில் சுமார் 2.5 முதல் 4 சதவீதம் கார்பன் உண்டு. அதில் பெரும்பகுதி தகடு தகடாகக் கிராஃபைட்டாகப் பிரிந்து நிற்கும். உருகும்போது தண்ணீராக ஓடி மோல்டின் மூலை முடுக்கெல்லாம் பாய்வதால்தான், கூரையின் மெல்லிய ஓரம்கூட அழகாக விழுகிறது. இறுகும்போது மோல்டு மணலின் சிலிக்காவும் ஆக்சைடும் சேர்ந்து மேலே ஒரு தோல் உண்டாகிறது. அதுதான் கவசம். அதை நான் உரித்துவிட்டேன். பச்சை இரும்பும் கிராஃபைட்டும் பக்கத்துப் பக்கத்தில். மேலே உப்புக்காற்றின் ஈரம். கிராஃபைட் கேத்தோடு, இரும்பு ஆனோடு. ஆயிரக்கணக்கான குட்டி பாட்டரிகள்! இரும்பு கரையாமல் என்ன செய்யும்?

ஜப்பானியர் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். இவாத்தே மாநிலத்தில் மொரியோகா, மிசுசாவா ஊர்களின் இரும்பு வார்ப்புக்கு 'நம்பு' என்று பெயர். மொரியோகாவில் 17-ஆம் நூற்றாண்டில் தேநீர்க் கெண்டிகளோடு தொடங்கிய தொழில். 1975-ல் அரசு இதைப் பாரம்பரியக் கைத்தொழிலாக அறிவித்தது. அங்கே கெண்டியைக் கரிநெருப்பில் காய்ச்சி ஆக்சைடு படலம் ஏற்றுவார்கள். பிறகு அரக்கு பூசி, இரும்பைப் புளிக்காடியில் ஊறவைத்த சாற்றையும் தேயிலைக் கஷாயத்தையும் தடவிக் கறுப்பாக்குவார்கள். 1941-ல் வந்த போர்க்கால உத்தரவால் கோயில் மணிகள்கூட உருக்கப் போய்விட்டன. அதில் தப்பிய பழைய வார்ப்பு ஒவ்வொன்றும் அருமைதான். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் கெடுத்தேனோ என்று மனசு உறுத்தியது.

எங்கள் கெமிஸ்ட்ரி சாரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "கடுக்காயும் இரும்பும் சேர்ந்தா என்ன ஆகும்னு கலம்காரிக்காரங்களைக் கேளு" என்றார். அட! தேயிலையிலும் டானின், கடுக்காயிலும் டானின். இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் அதே ரசாயனம்தான்.

உடனே வேலையில் இறங்கினேன். நைலான் பிரஷ்ஷால் உதிரும் துருவை மட்டும் தட்டினேன். நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். கடுக்காய்க் கஷாயத்தை இரண்டு முறை தடவினேன். கண்ணெதிரே செங்கல் நிறம் நீலக்கறுப்பானது! மேலே லின்சீட் ஆயில் மெல்லிசாக ஒரு கை. பழைய தோல் திரும்பி வரவில்லை. அது போனது போனதுதான். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எண்ணெய் பூச வேண்டும் என்று விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ஒப்படைத்தேன். இன்றும் மாலையில் கலங்கரை விளக்கம் சுழலும்போது தோட்டத்தில் அந்தக் குட்டி விளக்கும் எரிகிறது.

நண்பர்களே! உதிரும் துரு வேறு, ஒட்டி நின்று காக்கும் கறுப்புத் தோல் வேறு. எது எது என்று பார்த்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.