ஒரே அட்டை, எல்லா வங்கியும்

தாராவி தொண்ணூறு அடி சாலையின் தோல் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டைகள் வரிசையாக நின்ற காலம் உண்டு. ஒவ்வொரு வாலட் நிறுவனமும் தன் அட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். மற்ற ஆப்பில் அது வேலை செய்யாது. ஐஐடி மும்பை பேராசிரியர் தீபக் பாடக் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. அதன் பிறகு, 2020 அக்டோபர் 22 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது: ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிய புதிய க்யூஆர் இனிக் கூடாது, இருப்பவையும் 2022 மார்ச் 31-க்குள் எல்லா ஆப்புக்கும் பொதுவாகிவிட வேண்டும்.

க்யூஆர் கட்டம் 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் பிறந்தது. காப்புரிமை கையில் இருந்தும் பயன்படுத்துகிறவர்களிடம் அந்த நிறுவனம் காசு கேட்கவில்லை. 2000-ல் அது ஐஎஸ்ஓ தரநிலையானது. கடைக்காரரின் அட்டைக்குள் இருப்பதும் ஒரே ஒரு வரிதான்: 'பிஏ' என்ற குறிக்குப் பின், யுபிஐ என்ற உடனடிப் பணப்பரிமாற்ற முறையில் பணம் பெறுபவரின் முகவரி, 'பிஎன்' என்றால் பெயர், தொகை குறித்திருந்தால் 'ஏஎம்'.

செம்பூர்க்காரர் ஒருவர் 350 ரூபாய்க்கு பெல்ட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கு ஸ்டேட் பாங்கில், கடைக்காரர் கணக்கு பஞ்சாப் நேஷனல் பாங்கில். ஸ்கேன் செய்து பின் நம்பரை அடித்ததும், ஆப்புக்குத் துணைநிற்கும் வங்கியிலிருந்து ஒரு செய்தி என்பிசிஐ என்ற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்துக்குப் போகிறது. தாராவிக்கு வடக்கே, மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா வளாகத்தில்தான் அதன் தலைமையகம். 'இந்த முகவரி யாருடையது?' என்று அது கடைக்காரர் தரப்பைக் கேட்கிறது. கணக்கு விவரம் வந்ததும் '350 ரூபாய் கழி' என்று ஸ்டேட் பாங்குக்குச் சொல்கிறது. கழித்தாயிற்று என்று பதில் வந்த பிறகே 'வரவு வை' என்ற செய்தி பஞ்சாப் நேஷனலுக்கு. அங்கே வரவு வைக்க முடியாமல் போனால், கழித்ததைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு செய்தி. பின் நம்பர் அடிக்கும் பக்கம் ஆப்புக்குள் தெரிந்தாலும், அது என்பிசிஐ கொடுத்த தனி நிரல். ஆப் அந்த எண்ணைப் பார்க்க முடியாது.

ஸ்டேட் பாங்கின் உள்ளே ஓடுவது டிசிஎஸ் தயாரித்த மென்பொருள், பஞ்சாப் நேஷனலில் இன்ஃபோசிஸின் ஃபினக்கிள். ஒரு வங்கியின் உள்கட்டு மற்றதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். 'கழி', 'வரவு வை', 'முகவரி சொல்' என்று சில வேலைகளைச் சேவைகளாக வாசலில் வைத்து, அவற்றைக் கேட்கும் செய்தியின் வடிவத்தை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டால் போதும். மென்பொருள்காரர்கள் இதைச் சேவைசார் கட்டமைப்பு என்பார்கள். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குப் பணம் அனுப்பியவர்களின் மணியார்டர் படிவத்தைப்போலத்தான்: எந்தத் தபால் நிலையத்தில் நீட்டினாலும் செல்லுபடியாகும்.

இதன் பலன் நெருக்கடியில் தெரிந்தது. 2020 மார்ச் 5 அன்று யெஸ் பாங்க் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்ததும், அதை மட்டுமே துணைக்கு நம்பியிருந்த போன்பே ஆப் முடங்கியது. ஏறக்குறைய ஒரு நாளில் ஐசிஐசிஐ வங்கிக்கு மாறி எழுந்துவிட்டது. செய்தியின் வடிவம் பொதுவாக இல்லாதிருந்தால் இந்த வேகம் நடக்கிற காரியமா?

வாசலைத் திறந்து வைத்தால் தட்டுகிறவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. 'அந்தப் பணம் போனதா, போனதா?' என்று நிலையை விசாரிக்கும் செய்திகளைச் சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூடத் திரும்பத் திரும்ப அனுப்பியதே காரணம் என்று என்பிசிஐ கண்டறிந்தது. பணம் கட்டுகிறவர்களைவிட விசாரிக்கிறவர்களால் வரிசை நின்றுபோனது! 2025 ஆகஸ்ட் 1 முதல் விசாரிப்புக்கும் இருப்பு பார்ப்பதற்கும் வரம்பு வந்தது; ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் இருப்பு பார்க்க முடியாது. அதே மாதத்தில்தான் யுபிஐயின் ஒரு மாதப் பரிவர்த்தனைகள் முதன்முறையாக 2,000 கோடியைத் தொட்டன.

யுபிஐயை முழுத் திறந்த தரநிலை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. க்யூஆரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். யுபிஐயின் விதிகளை எழுதுவது என்பிசிஐ, நடுவில் நின்று செய்தி கடத்துவதும் அதே என்பிசிஐ. ஒரு வங்கியைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் எந்த ஆப்பும் உள்ளே நுழைய முடியாது. அப்படி நுழைந்தவர்களிலும் போன்பே, கூகுள் பே இரண்டின் கையில்தான் முக்கால் பங்குக்கு மேல். ஓர் ஆப் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020 நவம்பரிலேயே வரம்பு அறிவித்தார்கள். அதை அமலாக்கும் கெடு 2022, 2024 என்று நகர்ந்து, கடைசியாக 2026 டிசம்பர் 31-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.