உங்களுக்குத் தெரியுமா? ஒண்ணு ரெடி... நூறு எப்போ?

நீலகிரியின் தேவாலா மழைக்கு மட்டும் பேர்போன ஊர் இல்லை! 1880 வாக்கில் இங்கே பாறையை உடைத்துப் பார்த்தார்கள். மாதிரியில் தங்கம் மின்னியது! லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. ஆலை ஓடியதும் கட்டுப்படியாகவில்லை. சில வருஷத்தில் மூட்டை கட்டினார்கள்! ராணுவத் தளவாடத்திலும் அப்படித்தான்: மாதிரி செய்வது ஒன்று, எண்ணிக்கையில் செய்து தள்ளுவது வேறு. தேடிப் பிடித்த முத்துகள் இதோ!

ஆயுதத் தொழில்நுட்பம் எவ்வளவு தேறியது என்று அளக்க 9 படிகள். அதைத் தொழிற்சாலையில் செய்ய முடியுமா என்று அளக்கத் தனியே 10 படிகள்! உற்பத்திக்கு ஒத்த சூழலில் முன்மாதிரியைச் செய்து காட்டினாலும் நிற்பது 6-வது படியில்தான்!

ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்கிக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். முதல் 5 டாங்கிகள் ராணுவத்தின் கைக்கு வந்தது 2004-ல். முழுசாக 30 வருஷம்!

அதோடு போச்சா? முதல் 124 டாங்கிகளுக்கு ஆர்டர் 2000-ல். மேம்படுத்திய 118 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் 2021-ல்!

மலையிறங்கினால் சூலூர். அங்கிருக்கும் தேஜஸ் ரகப் போர் விமானம் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. முதல் படைப்பிரிவு உருவானது 2016 ஜூலை 1. 15 வருஷம்!

அமெரிக்க அணுகுண்டுக்குள் 'ஃபாக்பேங்க்' என்றொரு ரகசியப் பொருள். 1989-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். மறுபடி தேவைப்பட்டபோது செய்யத் தெரிந்த ஆட்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை! பழைய முறையில் தற்செயலாகக் கலந்த ஓர் அழுக்குதான் அதன் உயிர்நாடியாம்! கூடுதல் செலவு 6.9 கோடி டாலர்!

ஸ்டிங்கர் ஏவுகணையை அமெரிக்க ராணுவம் 18 வருஷம் வாங்கவே இல்லை. உக்ரைன் போர் வந்ததும் அவசரம்! ஓய்வுபெற்ற, 70 வயது தாண்டிய பொறியாளர்களைக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொன்னார்கள்!

எஃப்-22 போர் விமான உற்பத்தியை நிறுத்தியாயிற்று. திரும்பத் தொடங்கி 194 விமானம் செய்ய எவ்வளவு ஆகும்? 2017-ல் போட்ட கணக்கு: 5,000 கோடி டாலர்!

கனடாவின் 'ஆரோ' போர் விமானத் திட்டம் ரத்தானது 1959 பிப்ரவரி 20. பறந்தவை வெறும் 5. வேலை போனது 14,000 பேருக்கு! விமானங்களை வெட்டிப் போட்டார்கள். பொறியாளர்கள் சிலர் நாசாவுக்கே போய்விட்டார்கள்!

அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமானத்தை 1977-ல் ரத்து செய்தார்கள். ஆனால் 4 முன்மாதிரி விமானங்களின் சோதனையை விடவில்லை! 1981-ல் திட்டம் உயிர்த்தது. செய்து முடித்தது 100!

நம்ம அருவங்காடு வெடிமருந்து ஆலை தொடங்கியது 1904-ல். இன்றும் உற்பத்தி நடக்கிறது. 120 வருஷம் தாண்டிய கைப்பழக்கம்!

அடுத்த குடியரசு தின அணிவகுப்பில் புது ஆயுதம் வந்தால் கைதட்டுங்கள். கூடவே கேளுங்கள்: மாசத்துக்கு எத்தனை?