ஸ்டாப் அழுத்தியும் மோட்டார் நிற்கலையா? கன்ட்ரோல் வயரைப் பாருங்க!

தொழிற்சாலை பேனலைத் திறந்தால் இரண்டு வகை வயர் தெரியும். தடிமனான கேபிள் மோட்டாருக்கு. 1 சதுர மி.மீ. மெல்லிய வயர், ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்கள் வழியாக கான்டாக்டர் காயிலுக்கு. மோட்டாரை ஓட வைப்பதும் நிறுத்துவதும் இந்த மெல்லிய வயர்தான்.

மோட்டாருக்கான 63 ஆம்பியர் ஃபியூஸ் இதையும் காப்பாற்றும்னு நினைத்தால் தப்பு. அது உருகுவதற்குள் வயரின் இன்சுலேஷன் கருகிவிடலாம். அதனால்தான் கன்ட்ரோலுக்கு 2 அல்லது 4 ஆம்பியரில் தனி ஃபியூஸ்.

எர்த் ஃபால்ட் இன்னும் மோசம். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரின் 110 வோல்ட் பக்கத்தில் எந்த முனையும் எர்த் செய்யப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் பட்டனுக்கு முன்னால் ஒரு வயர் உரசி பேனல் பாடியைத் தொடுகிறது. ஃபியூஸ் போகாது, யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்து, பட்டனுக்குப் பின்னால் இன்னொரு வயர் தொடுகிறது. இப்போது கரன்ட் பட்டனை விட்டுவிட்டு, பாடி வழியாகவே காயிலுக்குப் போய்விடும். ஸ்டாப்பை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் ஓடும். தொட்ட இடம் ஸ்டார்ட் பட்டனுக்கும் அப்பால் என்றால், யாரும் அழுத்தாமலே கிளம்பும். அந்த நேரம் ஒருவர் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தால்?

தீர்வு எளிது. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனையை எர்த் செய்து, காயிலை நேரடியாக அந்தப் பக்கம் இணைக்க வேண்டும். ஃபியூஸும் பட்டன்களும் மறுபக்கம். அப்போது ஒரு வயர் பாடியைத் தொட்டாலே ஃபியூஸ் போய்விடும், மோட்டார் ஓடாது. மெஷின்களுக்கான ஐஇசி 60204-1 தரமும் இந்த முறையைச் சொல்கிறது. இடம் மாறி பட்டன்கள் எர்த் பக்கம் போனால் கதையே வேறு. மோட்டார் தானாகக் கிளம்ப ஒரே ஒரு ஃபால்ட் போதும்.

எர்த் இல்லாமல்தான் ஓட்டணும் என்றால், இன்சுலேஷன் குறைந்ததுமே எச்சரிக்கும் மானிட்டர் வேண்டும்.